ஏழாம் படுக்கை ஓட்டக்காரர்

ஆஸ்பத்திரிக்குள் லிப்ட்காரராகப் போன ஒரு மனிதர் ஓட்டப்பந்தய வீரராக வெளியே வந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய மனைவியும் நம்பவில்லை. ஆனால் அவள் நம்பாததை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட முடியாது. அவள் எதையுமே நம்புகிறவள் அல்ல. பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பது அவளுடைய வேலை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பையை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் யோக்கியர்கள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நீட்டுகிறவர்களைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்கவேண்டும் என்பது அந்த வாசலில் நின்று நின்று அவள் கற்றுக்கொண்ட பாடம்.

அவள் கணவர் இதற்கு நேர் எதிர். பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முக்காலியில் உட்கார்ந்து லிப்ட் ஓட்டுகிறவர். யார் எந்த மாடியைச் சொன்னாலும் பொத்தானை அமுக்குவார். ஏன் என்று கேட்கமாட்டார். ஆஸ்பத்திரிக்கும் அதே குணத்தோடுதான் வந்தார். படுங்கள் என்றார்கள், படுத்தார். பித்தப்பையில் கல் இருக்கிறது, பையையே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் கற்களை ஒரு குப்பியில் போட்டு அவளிடம் காட்டி, இனித் தனக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வலியிலோ பயத்திலோ இவருக்குப் பிரஷர் ஏறியது. அதுவரை அவருக்குப் பிரஷர் என்று ஒன்று இருந்ததே இல்லை. உடனே பிரஷர் டாக்டர் வந்தார், காலையும் மாலையும் போட ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார், பிரஷரும் இறங்கியது. டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், தரை துடைக்கிறவரும் சிரித்தார். இத்தனை பல் ஒன்றாகத் தெரிந்ததும் அவளுக்கு அப்போதே பயம் வந்தது.

அவள் பயந்தது வீண்போகவில்லை. மாத்திரை உள்ளே போகப் போக மனிதர் மந்தமாகிக்கொண்டே வந்தார். ஆபரேஷன் முடிந்த அன்றுகூட, தன் இடத்தில் தற்காலிகமாக லிப்ட் ஓட்டுகிறவன் கதவைப் பட்டென்று சாத்துவானோ என்று கவலைப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது கேட்டால் மட்டும் பதில் சொன்னார். அதையும் பாதியில் விட்டார். கை ஜில்லென்று இருந்தது. கழிப்பறைக்குப் போக எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இந்த மாடி எங்கேயோ நகர்கிறது என்றார்.

இந்த இடத்தில் விளக்கைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஒரு சின்ன விளக்கு உண்டு. நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார்கள். நாடித்துடிப்பு ஒழுங்காக இருந்தால் விளக்கு பச்சையாக எரியும்; ஐம்பதுக்குக் கீழே போனால் சிவப்பாகிவிடும். எல்லாப் படுக்கைகளின் விளக்குகளும் மேல்மாடியில் இயக்குநரின் அறைச் சுவரிலும் எரியும். காலையில் அவர் வந்து உட்காரும்போது அதில் ஒன்று சிவப்பாக இருந்தாலும், அந்த வார்டின் தர அதிகாரி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். அப்படி யாரும் எழுந்து நின்று வெகுகாலமாகிறது. 'சிவப்பே இல்லாத மருத்துவமனை' என்று வாசலில் ஒரு பெரிய பலகையே வைத்திருந்தார்கள்.

ஏழாம் படுக்கையின் விளக்கு ஒரு நாள் காலையில் சிவப்பானது. நாடி நாற்பத்தாறு. நர்ஸ் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்பாடா, கேட்பாரற்றுப் போய்விடவில்லை என்று மனைவிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நர்ஸ் விளக்கைப் பார்த்தாள். கீழே படுத்திருந்தவரைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள்.

எலெக்ட்ரீஷியன் வந்து பல்பை மாற்றினார். புதுப் பல்பு பழையதைவிடப் பிரகாசமாகச் சிவந்தது. நல்ல பல்பு என்று அவர் திருப்தியோடு போனார். நர்ஸ் கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். விளக்கு உடனே பச்சையானது. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று முகம் மலர்ந்தாள். ஆனால் நாள் முழுக்க அவள் அங்கேயே நிற்க முடியாதல்லவா? அம்மா, நீங்கள் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டாள்.

"சிஸ்டர், படுத்திருக்கிறது அவரு. விளக்கு அவருக்காக எரியுதா, மேல்மாடிக்காக எரியுதா?" என்று அவள் கேட்டாள்.

நர்ஸ் நல்ல பெண்தான். கிளிப்பை அவர் விரலிலேயே மறுபடி மாட்டிவிட்டுப் போனாள்.

அவள் பிரஷர் டாக்டரைத் தேடிப் பிடித்தாள். அந்த மாத்திரை போட்டதிலிருந்துதான் இவர் இப்படி ஆகிவிட்டார், தலை சுற்றுகிறது, கை குளிர்கிறது, கொஞ்சம் குறைத்துக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டாள். டாக்டர் இவருடைய பிரஷர் எழுதிய தாளை எடுத்து, குழந்தையின் மார்க்கைப் பார்க்கிற தகப்பனைப்போல் பார்த்தார்.

"இதைப் பாருங்கம்மா. பாடப்புத்தகத்துல போடலாம். இந்த வார்டுலயே இவ்வளவு அழகான பிரஷர் வேற யாருக்கும் இல்ல."

"பிரஷர் அழகாத்தான் இருக்கு டாக்டர். ஆளு எழுந்து நிக்க முடியலையே."

"நிக்கிறது என் பிரிவு இல்லம்மா. நாடியும் என் பிரிவு இல்ல. இந்த மாத்திரைக்கு நாடி குறையத்தான் செய்யும், அது எல்லாருக்கும் தெரியும். குறையுதுன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். பக்கவிளைவெல்லாம் பக்கத்து பிளாக்ல பாப்பாங்க."

அவள் பக்கத்து பிளாக்குக்குப் போனாள். அது இதயப் பிரிவு. இதயத்துக்காக வந்து சேர்ந்தவர்களின் இதயத்தை மட்டுமே தாங்கள் பார்ப்பதாகவும், பித்தப்பைக்காக வந்தவரின் இதயம் பித்தப்பைக்காரர்களைச் சேர்ந்தது என்றும் அங்கே விளக்கினார்கள். சொன்னவரும் சிரித்த முகமாகவே சொன்னார்.

திரும்பி வந்தபோது ஏழாம் படுக்கைக்குப் பக்கத்தில் தர அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னக் கம்ப்யூட்டர். நெற்றியெல்லாம் வியர்வை. மறுநாள் காலையில் எழுந்து நிற்கவேண்டியவர் அவர்தான். லிப்ட்காரரிடம் குசலம் விசாரிப்பதுபோல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் எத்தனை மாடி ஏறுவீர்கள் என்றார். பன்னிரண்டு மாடி, அதுவும் ஒரு நாளைக்கு நூறு தடவைக்குமேல் ஏறி இறங்குவேன் என்றார் இவர், உள்ளதை உள்ளபடி. மூச்சு வாங்குமா? இதுவரை வாங்கியதில்லை.

"லிப்ட்ல சார்," என்று அவள் குறுக்கே விழுந்தாள். "இவரு லிப்ட் ஓட்டுறவரு. முக்காலியில உக்காந்து ஏறி இறங்குறவரு."

"தெரியும்மா. எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் தர அதிகாரி. "ஆனா எவ்வளவு ஏறுறார்னுதான் கம்ப்யூட்டர் கேக்குது. எப்படி ஏறுறார்னு கேக்கல. கேக்காததை நாமளா சொன்னா அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?"

அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். தலைமாட்டு விளக்கு பச்சையானது. ஓட்டப்பந்தய வீரர்களுக்கு நாடி இயல்பாகவே குறைவாக இருக்கும், அவர்களுக்கு நாற்பது வரைக்கும் பச்சைதான் என்று அவர் நிம்மதியாக விளக்கினார். இவரை வீரர் வகையில் சேர்த்தாயிற்று. வார்டில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். படுத்திருந்தவரும், எல்லோரும் தட்டுகிறார்களே என்று, கிளிப் மாட்டிய கையால் மெதுவாகத் தட்டினார்.

அன்று மாலையே கட்டிலின் காலடியில் ஓடுகிற மனிதனின் படம் போட்ட அட்டை தொங்கியது. சாப்பாடும் மாறியது. நாலு முட்டை, ஆறு வாழைப்பழம், ஒரு பெரிய குவளை பால். பித்தப்பை போன மனிதருக்கு அதைப் பார்த்தாலே குமட்டியது. அவர் சாப்பிடாமல் வைத்ததைப் பார்த்து, போட்டிக்கு முன்னால் உடம்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார் என்று உணவுப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. மாலை மாத்திரையை நர்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பியதும், விழுங்காமல் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் துப்பிவிடலாம் என்று கணவரிடம் கிசுகிசுத்தாள். அவரும் தலையாட்டினார். நர்ஸ் திரும்பி வந்து, விழுங்கிவிட்டீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். இவர் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, மாத்திரையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, இவள்தான் வைத்துக்கொள்ளச் சொன்னாள் என்றார். எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவள் அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதற்குப் பிறகு மாத்திரை நேரத்தில் இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள்.

வீரர் என்று ஆனபிறகு விளையாட்டு மருத்துவர் வராமல் இருப்பாரா? வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. போர்வையை விலக்கி, இருபது வருடமாக முக்காலிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்களையும் தட்டிப் பார்த்தார். சதை என்று ஒன்றும் தட்டுப்படவில்லை. நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சொக்கிப்போனார். தான் ஒருநாளும் ஓடியதில்லை என்று லிப்ட்காரர் சொல்லிப் பார்த்தார். டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய வீரர்கள் ஒத்துக்கமாட்டாங்கம்மா. அவ்வளவு அடக்கம். நாடி பொய் சொல்லாது. உங்களுக்குத் தெரியாம எங்கேயோ ஓடியிருக்காரு. நிறையப் பேர் வீட்டுல சொல்றதில்ல."

இதுவரை அவள் ஆஸ்பத்திரியைத்தான் சந்தேகப்பட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து வேறொரு புழு குடையத் தொடங்கியது. வீட்டில் சொல்வதில்லை. எங்கேயோ ஓடியிருக்கிறார். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வருவதுபோல் இருந்தது. வேலை முடிந்து வர அரை மணி நேரம் ஆகும். இவர் தினமும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். பஸ்ஸில் கூட்டம் என்பார். வருடக்கணக்காகக் கூட்டமா? சட்டை முதுகில் நனைந்திருக்கும். செருப்பு தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு முக்காலிக்காரருக்குச் செருப்பு எதற்குத் தேயவேண்டும்? படித்த ஒருவர் விசிலையும் மாட்டிக்கொண்டு இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்றால் ஒன்றும் இல்லாமலா இருக்கும்?

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "என்னங்க. உண்மையைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சாயங்காலத்துல எங்கேயாவது ஓடினீங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார். வீட்டிலிருந்தே இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"பஸ்ல கூட்டம்னு சொல்றீங்களே, அந்த அரை மணி நேரம் எங்க போறீங்க?"

அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அது மாத்திரையின் மந்தமா, மாட்டிக்கொண்டவரின் தயக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"நாள் பூரா பெட்டிக்குள்ளயே இருக்கேன். கதவு தெறந்தா சுவர்தான் தெரியும். அதனால ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, மைதானத்து பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்து வானத்தைப் பாப்பேன். அப்புறம் நடந்து வருவேன். உன்கிட்ட சொன்னா வேலைவெட்டி இல்லையான்னு கேப்பியோன்னு பயம்."

அவள் கேட்டிருப்பாள்தான். ஊரார் பையையெல்லாம் திறந்து பார்த்தவள், கூடவே இருந்த மனிதர் மனதில் இப்படி ஒன்று இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்காதது போகட்டும், விசில்காரர் பேச்சைக் கேட்டுக்கொண்டு இவரையே சந்தேகப்பட்டுவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. தலைமாட்டில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இந்த மனிதரை உயிரோடு கூட்டிக்கொண்டு போய் அந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு உலகத்தில் எது எப்படிப் போனாலும் சரி என்று அவள் நினைத்தாள்.

உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டாள். வீரரை அனுப்ப விளையாட்டு மருத்துவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். அவர் ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 'இதயத்துக்காக ஓடுவோம்' என்று ஊழியர்கள் எல்லோரும் ஓடப்போகிற விழா அது. இதற்குள் நாடி முப்பத்தொன்பதுக்கு வந்து விளக்கு மறுபடி சிவந்தது. தர அதிகாரி ஓடிவந்து இவரைச் சாதனை வீரர் ஆக்கினார். சாதனை வீரர்களுக்கு முப்பத்தைந்து வரை பச்சை. நாடி கீழே இறங்க இறங்க மனிதர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். அத்தனை வருட லிப்ட் அனுபவத்தில் அவர் இப்படிப் போனதில்லை.

சாதனை வீரர் ஒருவர் வார்டில் படுத்திருக்கிறார் என்ற சேதி மேல்மாடிக்குப் போயிற்று. விழா ஓட்டத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று முடிவானது. அதைக் கேட்டதும் அவள் நேரே மேல்மாடிக்கு ஏறிப் போனாள். இயக்குநரின் அறையில் சுவர் முழுக்கப் பச்சைப் பொட்டுகள். அவர் அதற்கு முன்னால், பார்க்கிறவர்களுக்குக் கண் குளிர்வதுபோல் உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இவர் வீரர் இல்லை, மாத்திரைதான் நாடியை இழுத்துப் போடுகிறது, அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இவர் எனக்கு இல்லாமல் போய்விடுவார் என்றாள். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர் என்றே தோன்றியது.

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல," என்றார். "மாத்திரையை நிறுத்தினா நாடி ஏறும். ஏறினா அவர் வீரர் இல்லைன்னு ஆயிடும். அவர் வீரர் இல்லைன்னா, இத்தனை நாளா எரிஞ்சது பச்சை இல்லைன்னு ஆயிடும். அது பச்சை இல்லைன்னா வாசல்ல இருக்கிற பலகையைக் கழட்டணும். அதைக் கான்கிரீட்ல பதிச்சிருக்கோம்மா."

அவள் அவரையே பார்த்தபடி நின்றாள். இவ்வளவு பெரிய பையை இவ்வளவு தாராளமாக யாரும் அவள் முன்னால் திறந்து காட்டியதில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

விழா நாள் காலை. லிப்ட்காரருக்குப் பளபளவென்று ஓட்டக்காரர் உடை மாட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிவந்து, மேடை வந்ததும் நாற்காலியை மறைத்துவிட்டு, கையில் கொடியைக் கொடுத்து நிறுத்தினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிரஷர் டாக்டர், தர அதிகாரி, விளையாட்டு மருத்துவர் எல்லோரும் புதுக் காலணியோடு ஒற்றைக் காலை முன்னால் வைத்துக் குனிந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இயக்குநர் பேசத் தொடங்கினார்.

"நோயாளிகளை வீரர்களா மாத்துறதுதான் எங்க கனவு. அந்தக் கனவு இன்னைக்கு உங்க முன்னாடி நிக்குது. இவர் எங்ககிட்ட வந்தப்ப சாதாரண ஆளு. எங்க சிகிச்சையிலதான் இந்த நிலைமைக்கு வந்தார். நாங்க எதையும் விளக்கை வெச்சுத்தான் முடிவு பண்றோம். ஏன்னா, நோயாளி இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாரு, நாளைக்கு ஒண்ணு சொல்லுவாரு..."

நோயாளி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொடி முதலில் சாய்ந்தது, பிறகு அவர் சாய்ந்தார். கொடி அசைந்ததைப் பார்த்த டாக்டர்கள் அத்தனை பேரும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். விழுந்த மனிதருக்கு உதவ ஒரு டாக்டர்கூட அங்கே மிச்சமில்லை. வீரர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அவள் கயிற்றைத் தாண்டி ஓடினாள். அன்று உண்மையிலேயே இதயத்துக்காக ஓடியது அவள் ஒருத்திதான். விழுந்து கிடந்தவரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏங்க, என்னைப் பாருங்க, இங்க பாருங்க," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மார்பு மெதுவாக ஏறி, வெகு நேரம் யோசித்து, இறங்கியது.

அவசரப் பிரிவு வேறு கட்டடத்தில் இருந்தது. அங்கே இவர் புது ஆள். எங்கோ வெயிலில் விழுந்தவர், அவ்வளவுதான். ஊசி போட்டு, நாடியைக் கொஞ்சம் தூக்கிப் படுக்கவைத்தார்கள். வெள்ளை மாத்திரையை அங்கேயும் தொடர்வதானால் பழைய வார்டிலிருந்து பிரஷர் டாக்டர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். பிரஷர் டாக்டர் ஓட்டத்தின் முதல் திருப்பத்திலேயே கால் பிசகி, எலும்புப் பிரிவில் படுத்திருந்தார். எலும்புப் பிரிவிலிருந்து யாரும் வெளியே நடக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆக, யாரும் நினைக்காமலே, யாரும் உத்தரவு போடாமலே, மாத்திரை நின்றது.

இரண்டு நாளில் மனிதர் எழுந்து உட்கார்ந்தார். பசிக்கிறது என்றார். அந்தத் தற்காலிகக்காரன் லிப்ட் கதவைப் பட்டென்று சாத்திக்கொண்டிருப்பான் என்று கவலைப்பட்டார். பிரஷரும் தன் பாட்டுக்கு நல்லபடியாகவே இருந்தது. கை சூடாக இருந்தது. அவள் அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைப் பாதியில் விடாமல் முழுசாகக் கேட்டார் என்பதற்காக அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

பிறகு பழைய வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். விரலில் கிளிப் மாட்டிய உடனே ஏழாம் படுக்கையின் விளக்கு சிவந்தது. நாடி எழுபத்திரண்டு.

தர அதிகாரியும் விளையாட்டு மருத்துவரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் வந்து நின்றார்கள். சாதனை வீரருக்கு மேல் எல்லை ஒன்று உண்டாம். அறுபதுக்குமேல் போனால் சிவப்பு. முப்பத்தொன்பதில் இருந்த மனிதர் எழுபத்திரண்டுக்கு வந்துவிட்டாரே, எப்பேர்ப்பட்ட வீரர், இப்படிச் சீரழிந்துவிட்டாரே என்று விளையாட்டு மருத்துவருக்கு மனசு ஆறவில்லை. எல்லோருக்கும் எழுபத்திரண்டுதானே இருக்கும் என்று அவள் கேட்டாள். சாதாரண ஆட்களுக்கு என்றார் அவர்.

"பயப்படாதீங்கம்மா. இதுக்கு நல்ல மருந்து இருக்கு. நாடியை அப்படியே கீழ கொண்டுவந்துடும். ஒரு வெள்ளை மாத்திரை. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு."

அதே மாத்திரை, அதுவும் இரண்டு மடங்கு. ஆனால் வாசலில் நிற்கிறவளுக்கு ஒன்று தெரியும். பதறினால் சந்தேகம் வரும். அவள் தர அதிகாரியிடம் மட்டும் ஒன்று கேட்டாள். படுக்கையில் ஆளே இல்லையென்றால் விளக்கு என்ன நிறத்தில் எரியும்?

தர அதிகாரி யோசித்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. காலிப் படுக்கைக்கு எப்போதும் பச்சைதான்.

அன்று பிற்பகலே வீரருக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இயக்குநர் கையால் ஒரு கோப்பை, ஆயுள் முழுக்கப் போட ஒரு பை நிறைய வெள்ளை மாத்திரை. மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது, நாடி ஏறினால் உடனே கொண்டுவந்து சேர்த்துவிடவேண்டும் என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். வெளிவாசலில் காவலாளி அவள் பையைத் திறந்து பார்த்தார். மாத்திரை இல்லாமல் யாரையும் வெளியே விடக்கூடாது என்பது அவருக்கு இட்ட உத்தரவு. அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பையை நீட்டினாள். அந்தப் பை போகப்போவது தங்கள் வீட்டுத் தெருமுனை டாக்டரிடம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சின்ன அறை, விளக்கு எதுவும் கிடையாது, வந்தவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த டாக்டர் பேசவே ஆரம்பிப்பார். காவலாளி ஒன்றும் கிளறிப் பார்க்கவில்லை. தொழில் தெரியாத ஆள்.

வாசலைத் தாண்டி, கான்கிரீட்டில் பதித்த பலகையைத் தாண்டி, தெருவுக்கு வந்ததும் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. மைதானத்து வழியாகப் போகிற பஸ். கிளம்பப் போகிற சத்தம் கேட்டது. அவள் யோசிப்பதற்குள், வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாத அந்த மனிதர், ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தச் சொல்லியபடியே ஓடத் தொடங்கினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் திரும்பி ஆஸ்பத்திரியை அண்ணாந்து பார்த்தாள். மேல்மாடி ஜன்னல் ஒன்றில் வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஓடாதீங்க," என்று அவள் அடித்தொண்டையில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். "ஐயோ, ஓடாதீங்க. பாத்துடப் போறாங்க."